விடுபட்ட எண்ணும் விடுபடாத உண்மையும்

(மொழிநலக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்பு பேசியவர்கள் மொழியைப் பற்றிப் பேசினார்கள். இனத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதோ, கரும்பலகையில் அதனை எழுதுகிறேன்:

67,46,32,83,88,800

பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட எண் இது. வாய்விட்டுச் சொன்னால், ஆறு நூறாயிரத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று நூறாயிரத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. ஆனால், சொல்லி முடித்துவிட்டோம். ஒரு சொல்கூட ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்காமல் சொல்லி முடித்துவிட்டோம் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

மொழிநலக் கூட்டத்தில் எண்ணுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். கரணியம் உண்டு. "தமிழில் பாட்டுப் பாடலாம், கதை எழுதலாம், மேடையில் முழங்கலாம், ஆனால் உயர்ந்த கணக்கு தமிழில் வராது" என்று கற்றவர்களே கூறக் கேட்கிறோம். அக்கூற்றுக்கு மறுப்புச் சொற்பொழிவு ஆற்றிப் பயனில்லை. 'வரும்' என்று நூறு முறை முழங்குவதைவிட, ஒரு முறை செய்து காட்டுவதே மறுப்பு. ஆகவே இன்று இந்த எண்ணை உங்கள் முன் பிரித்துக் காட்டப் போகிறேன். இதனுள் ஒரு பாடம் இருக்கிறது; அப்பாடம் கணக்குக்கு மட்டும் உரியதன்று; நமக்கும் உரியது.

பங்கிடுதற்கு உகந்த எண்கள்

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். பாபிலோனியரும் அறுபது அறுபதாகவே எண்ணினர். 60இல் அப்படி என்ன சிறப்பு? அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். 59ஐ எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் அது மீதியின்றி வகுபடாது. 61உம் அப்படியே. இவற்றைப் பகா எண்கள் என்கிறோம். இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும் 60ஐப் பாருங்கள். ஒன்றும் அறுபதும், இரண்டும் முப்பதும், மூன்றும் இருபதும், நான்கும் பதினைந்தும், ஐந்தும் பன்னிரண்டும், ஆறும் பத்தும் என ஆறு இணைகளாகப் பெருக்கி 60ஐப் பெறலாம். ஆக, 60ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் பன்னிரண்டு. இவற்றுக்கு வகுத்திகள் என்று பெயர். 60க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் பன்னிரண்டு வகுத்திகள் இல்லை. இருவருக்கும் மூவருக்கும் நால்வருக்கும் ஐவருக்கும் அறுவருக்கும் சண்டையின்றிப் பங்கிடத்தக்க மிகச் சிறிய எண் அது.

இப்படி, தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும். 'மீப்பகு எண்' என்று அழைப்போம். பகு எண் என்னும் சொல் நம் பள்ளி நூல்களில் முன்னரே உள்ளது, அதன்முன் 'மீ'யைச் சேர்த்தோம், பொருள் விளங்கிவிட்டது. 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040 என்று இவ்வரிசை ஏறிச் செல்லும். தொடக்கத்தில் நெருக்கமாகத் தோன்றினாலும், போகப் போக மீப்பகு எண்கள் மிக அரியவை.

ஓர் எண்ணின் வகுத்திகளை ஒவ்வொன்றாகத் தேடி எண்ண வேண்டுவதில்லை. எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாகப் பிரிக்கலாம். அது ஒரே ஒரு வகையில்தான் பிரியும். 60 என்பது 2 × 2 × 3 × 5. இதில் 2 இருமுறை வருகிறது, 3 ஒருமுறை, 5 ஒருமுறை. ஒரு வகுத்தியை அமைக்கும்போது, இரண்டை எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம், வாய்ப்புகள் மூன்று. மூன்றை விடலாம், எடுக்கலாம், வாய்ப்புகள் இரண்டு. ஐந்துக்கும் இரண்டு. மூன்றையும் பெருக்கினால் 3 × 2 × 2 = 12. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ, அதனுடன் ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். அவ்வளவே. பத்து அகவைச் சிறுவனும் இதனைத் தமிழில் புரிந்து கொள்வான்.

பேரெண்ணின் உள்ளமைப்பு

இனிக் கரும்பலகையிலுள்ள பேரெண்ணுக்கு வருவோம். அதனைப் பிரித்தால், 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இருமுறை, 7 இருமுறை, பின்னர் 11, 13, 17, 19, 23 ஆகிய ஐந்தும் ஒவ்வொரு முறை. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் அவ்வெண் வந்துவிடும். வகுத்திகள் எத்தனை? 7 × 5 × 3 × 3 என்பது 315. அடுத்து ஐந்து இரண்டுகளின் பெருக்கம் 32. 315ஐ 32ஆல் பெருக்கினால் 10,080. அதாவது, இவ்வொரே எண்ணைப் பத்தாயிரத்து எண்பது வகைகளில் மீதியின்றிப் பங்கிடலாம்! இதற்குக் கீழே ஆறே முக்கால் நூறாயிரம் கோடி எண்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுகூட இத்தனை வகுத்திகளைக் கொண்டதில்லை.

1 முதல் 28 வரையுள்ள ஒவ்வோர் எண்ணாலும் இது வகுபடும்; 29இல்தான் முதன்முதலாகத் தடைப்படும். 1 முதல் 28 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 80,31,34,33,200. நம் எண் அதனைப் போல் சரியாக 84 மடங்கு.

இன்னொன்றையும் காணுங்கள். பகா எண்கள் வரும் முறைகளை வரிசையாக எழுதினால் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. படிக்கட்டுப் போல் இறங்கி வருகிறது, எங்கும் ஏறவில்லை. இது தற்செயல் அன்று. 18ஐயும் 12ஐயும் ஒப்பிடுங்கள். 18 என்பது 2 × 3 × 3. 12 என்பது 2 × 2 × 3. இரண்டுக்கும் வகுத்திகள் ஆறாறே. சிறிய பகா எண்ணை மிகுதியாகவும் பெரிய பகா எண்ணைக் குறைவாகவும் கொண்டால், வகுத்திகள் குறையாமலே எண் சிறுத்து விடுகிறது. ஆகவே படி ஏறும் எந்த எண்ணும் மீப்பகு எண்ணாக முடியாது. இறுதியில் நிற்கும் பகா எண் ஒருமுறைதான் வரும்; இதற்கு 4, 36 ஆகிய இரண்டு எண்கள் மட்டுமே விலக்கு. எண்ணில்லாத எண்களுக்கிடையே இவ்விரண்டு மட்டும் விலக்கு என்று ஒருவர் அறுதியிட்டுச் சொன்னார். அவரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

ஈரோட்டில் பிறந்தவர்

அவர் இராமானுசன். 1887 திசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து, குடந்தையில் வளர்ந்தவர். கணக்கிலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தார். குடந்தைக் கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர்ச் சென்னையிலும் தேர்வில் தவறினார். பட்டமில்லை, வேலையில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 உருபாச் சம்பளத்திற்கு எழுத்தரானார். 1913 சனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்குத் தம் முடிவுகளை மடலில் எழுதினார். 1914 மார்ச்சு 17இல் கப்பலேறினார். 1915இல் இலண்டன் கணக்கியல் கழகத்தின் இதழில் மீப்பகு எண்களைப் பற்றிய அவரது நெடுங்கட்டுரை வெளிவந்தது. அக்கட்டுரைக்காகவே 1916இல் கேம்பிரிட்சு அவருக்குப் பட்டம் வழங்கியது. ஆங்கிலத்தில் தவறியவன் என்று இங்கே தள்ளப்பட்டவர்க்கு, ஆங்கிலேயர் நாட்டிலேயே பட்டம் கிடைத்தது! ஒரு மொழியில் தேறாதவன் அறிவில்லாதவன் என்று எடைபோடும் தேர்வுமுறைக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பு வேறு வேண்டுமோ?

இங்கே சிலர் முகம் சுளிப்பதைக் காண்கிறேன். "அவர் பார்ப்பனராயிற்றே, நம் மேடையில் அவர் புகழ் எதற்கு?" என்று உள்ளுக்குள் கேட்கிறீர்கள். வெளிப்படையாகவே விடை சொல்கிறேன். நாம் எதிர்ப்பது பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் முறையை. ஒருவர் எண்ணிக் கண்ட உண்மையை அன்று. 23 பகா எண் என்பது அக்கிரகாரத்திலும் உண்மை, சேரியிலும் உண்மை. அவ்வாறே, "குறிப்பிட்ட குலத்தில் பிறந்ததனால்தான் அவருக்குக் கணக்கு வந்தது" என்பாரையும் நாம் மறுக்கிறோம். அவர் கைக்குப் பலகை கிடைத்தது, எழுதுகோல் கிடைத்தது, பள்ளிக் கதவு திறந்திருந்தது. அக்காலத்தில் அக்கதவு திறவாமலே போன பிள்ளைகள் எத்தனை நூறாயிரம் பேர்! அவர்களுள் எத்தனை இராமானுசன்கள் மாடு மேய்த்து மாண்டனரோ! நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இன்னொரு கதையும் உண்டு. நாமக்கல்லிலுள்ள தாயார் என்னும் தெய்வமே தமக்குக் கனவில் கணக்குகளை உணர்த்தியதாக அவர் சொல்லி வந்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் கூறும். அவர் நம்பிக்கை அவருக்கு. ஆனால் அக்கதையைப் பிடித்துக் கொண்டு, "உழைக்க வேண்டா; அருள் இருந்தால் போதும்" என்று பிள்ளைகளுக்குப் போதிப்பவர்களுக்கு, அவருடைய பட்டியலே விடை சொல்கிறது. அந்த விடையைத்தான் இனிக் காணப் போகிறோம்.

பட்டியலில் ஒரு வெற்றிடம்

1915ஆம் ஆண்டுக் கட்டுரையில் இராமானுசன் 102 மீப்பகு எண்களை அட்டவணையாகத் தந்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பகா எண் பிரிப்பும் வகுத்திகளின் எண்ணிக்கையும் அருகிலேயே உள்ளன. கணிப்பொறி இல்லாத காலம். தாளும் எழுதுகோலும் தவிர வேறு துணையில்லை. அவ்வட்டவணையின் கடைசி எண்தான் நம் கரும்பலகையிலுள்ள 67,46,32,83,88,800. எத்துணைப் பெரும் உழைப்பு என்று எண்ணிப் பாருங்கள்!

ஆனால் அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று.

அவர் அட்டவணையில் 1,95,54,57,50,400 என்னும் எண் உள்ளது. அதற்கு வகுத்திகள் 4,608. அதற்கு அடுத்ததாக 3,21,25,37,32,800 உள்ளது. அதற்கு வகுத்திகள் 5,376. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டிய ஒன்று இல்லை. அது எது? கரும்பலகையிலுள்ள கடைசி எண்ணையே எடுத்து 23ஆல் வகுத்துப் பாருங்கள். 2,93,31,86,25,600 வரும். அதில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இருமுறை, 7 இருமுறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. வகுத்திகள் 7 × 5 × 3 × 3 × 16 = 5,040. 4,608ஐவிட மிகுதி, 5,376ஐவிடக் குறைவு. அளவிலும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் வகுத்திகளில் வெல்கிறது. ஐயமின்றி அது மீப்பகு எண். கடைசி எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருந்த அவ்வெண்ணை, கடைசி எண்ணை எழுதிய அதே கை எழுதாமல் விட்டுவிட்டது.

இப்போது சொல்லுங்கள். தெய்வம் காதில் ஓதியிருந்தால் ஓர் எண் விடுபட்டிருக்குமா? விடுபட்டது என்பதே அது மாந்தன் கையால் செய்த வேலை என்பதற்குச் சான்று. விழித்திருந்து, வரி வரியாகப் பெருக்கி, அடித்துத் திருத்தி, மீண்டும் எழுதிச் செய்த வேலை. நான் அவரைக் குறை கூறவில்லை. என் கண்ணுக்கு அவ்விடுபாடு அவர் பெருமையை மிகுவிக்கிறது. பிழையே செய்யாத தெய்வத்தை வணங்கத்தான் முடியும்; பின்பற்ற முடியாது. உழைத்து, நூறு எண்களைக் கண்டு, ஒன்றைத் தவறவிட்ட மாந்தனைப் பின்பற்ற முடியும். அவர் விட்ட இடத்தை நிரப்பவும் முடியும்.

அவர் தவறவிட்டதை அறிந்தது எப்படி? அவரே கண்டுரைத்த இறங்குபடி விதியைக் கொண்டு, அவ்விதிக்கு உட்பட்ட எண்களை மட்டும் ஒழுங்காகத் தேடிப் பார்த்தால் போதும். அவர் தந்த கருவியே அவர் பட்டியலைத் திருத்துகிறது. உண்மையான அறிவின் இலக்கணம் இதுதான். 'நான் சொன்னதால் நம்பு' என்று அது சொல்லாது; 'இதோ முறை; நீயே பார்' என்று சொல்லும்.

நமக்கு உரிய பாடம்

தோழர்களே! இங்கே நம்மை நாமே கொஞ்சம் உரைகல்லில் உரசிப் பார்ப்போம்.

2520 என்னும் எண்ணைப் பற்றி ஒரு செய்தி கைப்பேசி வழியாக உலவுகிறது. "1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் வகுபடும் ஒரே எண் இதுதான், இராமானுசன் கண்டுபிடித்த மாயம்" என்று அது வியக்கிறது. படித்தவர்களும் பார்க்காமலே பரப்புகிறார்கள். ஒரே எண்ணா? 5040 வகுபடாதா? 7560 வகுபடாதா? அப்படி வகுபடும் எண்களுள் மிகச் சிறியது 2520 என்பதே உண்மை. 'மிகச் சிறியது' என்பதை 'ஒரே ஒன்று' என்று மாற்றியதும், கணக்குப் போய் மாயம் வந்துவிட்டது. பெருக்கிப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைச் செலவிட நாம் அணியமாயில்லை.

நம் இயக்கத்தவர் சிலரும் இக்குறைக்கு விலக்கல்லர். தொல்காப்பியம் ஐ, அம், பல் என முடியும் எண்ணுப் பெயர்களைக் குறிக்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பவற்றை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டினர். கோடிக்கு மேற்பட்ட எண்களுக்கு அத்துணைப் பழங்காலத்திலேயே நம்மிடம் பெயர்கள் இருந்தன என்பது பெருமைக்கு உரியதே. ஆனால் அங்கேயே நின்றுகொண்டு, "எல்லாக் கணக்கும் எங்களிடம் இருந்தது" என்று மார்தட்டினால் என்ன பயன்? பெயர் வைத்தவர்கள் முன்னோர். அவ்வெண்களுக்குள் புகுந்து பார்த்தோமா நாம்?

இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறேன். நம் முன்னோரின் முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. கீழ்முந்திரி அதிலும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அதாவது 1,02,400இல் ஒன்று. அத்துணை நுண்ணிய கூறுகளைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் மனப்பாடமாகச் சொன்னார்கள். உலகம் போற்றத்தக்க செய்தி இது. ஆனால் 320 மீப்பகு எண்ணா என்று கேட்டால், அன்று. அதற்கு வகுத்திகள் 14. அதைவிடச் சிறிய 240க்கோ 20. 320 அரை, கால், அரைக்கால், வீசம் எனத் திரும்பத் திரும்பப் பாதியாக்குவதற்கும், ஐந்தால் பகுப்பதற்கும் ஏற்ற எண். முன்னோர் அறிவுக்கு அதனதன் இடத்தில் உரிய மதிப்பைக் கொடுப்போம். இல்லாத மதிப்பை ஏற்றி அவர்களை நகைப்புக்கு ஆளாக்க வேண்டா. பொய்யான ஒரு பெருமை, மெய்யான பத்துப் பெருமைகளையும் ஐயத்திற்கு உள்ளாக்கிவிடும். நம் எதிரிகளுக்கு அதைவிடக் கூரிய படைக்கலத்தை நாம் கொடுக்க முடியாது.

முடியாத வேலை

இக்கணக்கு முடிந்துபோன பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். விடுபட்ட எண்ணின் வகுத்திகள் 5,040 என்றேன். கடைசி எண்ணின் வகுத்திகளை இணை இணையாக நிறுத்தினாலும் 5,040 இணைகளே. இந்த 5,040உம் ஒரு மீப்பகு எண்தான். அதற்கு 60 வகுத்திகள். கிரேக்க மெய்யறிவாளர் பிளேட்டோ, தாம் கற்பனை செய்த நகரில் 5,040 குடிகள் இருக்க வேண்டும் என்றார். நிலத்தையும் கடமையையும் பலவாறாகப் பங்கிட வசதியாக, தன்னை நீக்கி 59 வகுத்திகள் அதற்கு உள்ளன என்பதே அவர் சொன்ன கரணியம். அக்கணக்கு இன்றும் சரியாக இருக்கிறது.

அதே 5,040 நம் காலத்திலும் தலைகாட்டியது. செருமானிய அறிஞர் இரீமான் 1859இல் பகா எண்களின் பரவலைப் பற்றி ஒரு கருதுகோளை வெளியிட்டார். இன்றுவரை அது மெய்ப்பிக்கப்படவுமில்லை, பொய்ப்பிக்கப்படவுமில்லை. 1984இல் பிரான்சு நாட்டு அறிஞர் இராபின் ஒன்றை மெய்ப்பித்தார். ஓர் எண்ணின் வகுத்திகளை எல்லாம் கூட்டினால் வரும் தொகை, அவ்வெண்ணைக் கொண்டே கணிக்கத்தக்க ஓர் எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 5,040இன் வகுத்திகளின் கூட்டுத்தொகை 19,344. அதற்குரிய எல்லை ஏறத்தாழ 19,237. ஆக 5,040 தாண்டுகிறது. அதற்கு மேற்பட்ட எந்த எண்ணும் தாண்டவில்லையானால் இரீமான் கருதுகோள் உண்மை. ஒன்றேனும் தாண்டினால் பொய். மாந்த அறிவின் மாபெரும் புதிர்களுள் ஒன்று, பங்கிடுவதற்கு உகந்த எண்களின் வாயிலில் வந்து நிற்கிறது!

இத்தேடலுக்கு வித்திட்டவருள் இராமானுசனும் ஒருவர். அவருடைய நெடுங்கட்டுரை முழுமையாக அச்சேறவில்லை. இலண்டன் கழகத்திற்கு அப்போது பணமுடை. ஒரு பகுதி அச்சாகாமலே நின்றது. இரீமான் கருதுகோள் உண்மையெனக் கொண்டால் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு என்ன எல்லை என்பதை அவர் அப்பகுதியில் ஆராய்ந்திருந்தார். 1920 ஏப்பிரல் 26இல், 32ஆம் அகவையில், அவர் சென்னையில் மறைந்தார். அச்சாகாத அப்பகுதி 1988இல்தான் கையெழுத்துப் படியாக வெளிவந்தது. 1997இல் நிக்கோலாவும் இராபினும் குறிப்புரையுடன் பதிப்பித்தார்கள். ஈரோட்டில் பிறந்தவர் எழுதியதைப் படித்து, விளக்கி, மேலெடுத்துச் சென்றவர்கள் பிரான்சு நாட்டினர். நாமோ அவருக்குச் சிலை வைத்தோம், மாலை போட்டோம். மாலை போட்ட கைகளில் எத்தனைக் கைகள் அவர் கணக்கைப் போட்டுப் பார்த்தன?

இராமானுசன் தம் கணக்கைத் தமிழில் எழுதவில்லை. அவர் கற்ற நூல்கள் ஆங்கிலம். கற்பித்த கல்லூரி ஆங்கிலம். எழுதிய குறிப்பேடுகளும் ஆங்கிலம். தமிழில் உயர்கணக்கு எழுத அன்று இடமில்லை, கேட்பாருமில்லை. ஆனால் இன்று? இந்த உரையில் வகுத்தி, பகா எண், மீப்பகு எண், கருதுகோள், மெய்ப்பித்தல் என்னும் சொற்களை ஆண்டேன். எங்காவது உங்களுக்குப் பொருள் தடைப்பட்டதா? எண் பெரியது, கருத்து ஆழமானது, மொழி எங்கும் நொண்டவில்லை. தமிழில் கணக்கு வராது என்பது மொழியின் குறையன்று, முயலாதவர்களின் சாக்கு.

உங்கள் வீட்டுப் பிள்ளை கணக்கில் தவறினால், "உனக்கு அறிவு போதாது" என்று சொல்வதற்கு முன், அவன் தவறியது கணக்கிலா, கணக்கைச் சொல்லிக் கொடுத்த மொழியிலா என்று ஒருமுறை கேளுங்கள். வினாவே விளங்காதவன் விடை எழுதுவது எங்ஙனம்? தாய்மொழியில் எண்ணிப் பார்க்கும் பிள்ளைக்குக் கணக்கு கைக்கெட்டும் பொருளாகிறது. விளங்காத மொழியில் ஒப்பிக்கும் பிள்ளைக்கு அதே கணக்கு வியந்து வணங்க வேண்டிய மாயமாகிவிடுகிறது. மாயமாகக் கண்டவன் அடிமையாகிறான். எண்ணிப் பார்த்தவன் உரிமை பெறுகிறான். தாய்மொழிக் கல்விக்காக நாம் போராடுவதன் உட்பொருள் இதுவே.

இறுதியாக உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீடு சென்றதும் ஒரு தாளை எடுங்கள். 67,46,32,83,88,800 என்று எழுதுங்கள். 23ஆல் வகுத்துப் பாருங்கள். நான் சொன்ன எண் வருகிறதா என்று பாருங்கள். பிறகு அதனை 19ஆல், 17ஆல், 13ஆல், 11ஆல் வகுத்துக் கொண்டே வாருங்கள். நான் எங்கேனும் தவறியிருந்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் இதே மேடையில் திருத்திக் கொள்கிறேன். இராமானுசனின் பட்டியலையே திருத்தலாம் என்றால், என் உரையைத் திருத்துவதற்கு என்ன தயக்கம்? கைதட்டிவிட்டுக் கலைந்து போகாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். எனக்கு நீங்கள் செய்யும் சிறப்பு அதுவே. தமிழுக்குச் செய்யும் தொண்டும் அதுவே.